படிகத்தை ஊறவைப்பதா, லிகண்டோடு சேர்த்தே வளர்ப்பதா?

பிஏஇசட்2பி, ஸ்மார்க்கா2 போன்ற மனிதக் குரோமாட்டின் மறுசீரமைப்புப் புரதங்களில் புரோமோடொமைன் என்றொரு சிறு பகுதி உண்டு. ஏறக்குறைய 110 அமினோ அமிலம், நான்கு சுருள்கள். டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தின் வாலில் அசிட்டைல் ஏறிய லைசினை அடையாளம் காண்பது அதன் வேலை. ஒரு முனையில் இசட்ஏ, பிசி என்ற இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு பை. பைக்குள் ஓர் அஸ்பரஜின். அடியில் இடம்பெயராத சில தண்ணீர் மூலக்கூறுகள். லிகண்ட், அதாவது புரதத்தைப் பிடிக்கும் சிறு மூலக்கூறு, போய் உட்கார வேண்டிய இடம் அதுதான். அங்கே உட்கார்ந்ததைப் படிகத்தில் பார்க்க இரண்டு வழிகள். வெறும் புரதத்தைப் படிகமாக்கி, பிறகு லிகண்ட் கரைசலில் ஊறவைப்பது ஒன்று: சோக்கிங். புரதத்தையும் லிகண்டையும் முதலிலேயே கலந்து படிகமாக்குவது மற்றொன்று: கோ-கிரிஸ்டல்.

எதை எடுப்பது என்பதை லிகண்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். முதலில் பார்க்க வேண்டியது படிகத்தின் அடுக்கு, அதாவது உள்ளே புரதங்கள் அடுக்கியிருக்கும் விதம். புரதப் படிகம் கல் அல்ல. பெரும்பாலும் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். விதைநெல்லைச் சாக்கோடு வாய்க்காலில் போடுகிறவர்கள் சாக்கை ஏன் தளர்த்திக் கட்டுகிறார்கள் என்பது தஞ்சாவூர்ப் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீர் நடுவரை போக வேண்டும், ஊறிப் பருக்கும் நெல்லுக்கு இடமும் வேண்டும். படிகத்திலும் இதே இரண்டு கேள்விதான்: பைக்கு வழி இருக்கிறதா, வளைவு அசைந்தால் இடம் இருக்கிறதா?

அமைப்புகளைப் பார்க்க உதவும் கூட் (Coot) மென்பொருளில் வெறும் புரத அமைப்பைத் திறந்து, 20 ஆங்ஸ்ட்ராம் ஆரத்துக்குள் சமச்சீர் அண்டைகளை வரையச் சொன்னால் விடை பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அண்டை மூலக்கூறின் பக்கச் சங்கிலி ஏதாவது பையின் வாயை அடைத்திருந்தால், எத்தனை நாள் ஊறவைத்தாலும் பலனில்லை. படிகத்தின் சமச்சீரற்ற அலகில் புரதத்தின் இரண்டு பிரதிகள் இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்று திறந்தும் ஒன்று மூடியும் இருப்பது உண்டு. வாசல் திறந்து, வெறும் படிகம் 2 ஆங்ஸ்ட்ராமுக்கு நுணுக்கமாகச் சிதறினால், சோக்கிங்கில்தான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் தீர்ப்பு.

காரணம் கணக்கில் இருக்கிறது. பக்கத்துக்கு 0.1 மி.மீ. உள்ள கனசதுரப் படிகத்தின் கொள்ளளவு 1 நானோலிட்டர். 13.5 கிலோடால்டன் புரதம் அதற்குள் சுமார் 50 மில்லிமோலார் செறிவில் இருக்கும். அதாவது 50 பிகோமோல். 2 மைக்ரோலிட்டர் துளியில் 100 மில்லிமோலார் லிகண்டை 0.2 மைக்ரோலிட்டர் சேர்த்தால் கிடைப்பது 9 மில்லிமோலார், 20 நானோமோல். புரதத்தைப் போல 400 மடங்கு. பிரிகை மாறிலி (எண் சிறிதானால் பிடி இறுகும்) 1 மில்லிமோலார் என்ற மிகத் தளர்ந்த லிகண்டும் இந்தச் செறிவில் பத்தில் ஒன்பது பைகளை நிரப்பும். கோ-கிரிஸ்டலில் அப்படி முடியாது. லிட்டருக்கு 10 கிராம் புரதம் என்றால் 0.75 மில்லிமோலார், அதற்கு இரு மடங்கு, 1.5 மில்லிமோலார் லிகண்ட் கலந்தால், அதே தளர்ந்த லிகண்ட் பாதிப் பைகளில்தான் இருக்கும். மாறிலி 0.1 மில்லிமோலாராக இறங்கினால் 90 சதவீதத்தை எட்டும். ஆக, தளர்வாகப் பிடிக்கும் சிறு துண்டு மூலக்கூறுகளுக்குச் சோக்கிங். இறுகப் பிடிப்பவற்றுக்கு எது வேண்டுமானாலும்.

சோக்கிங்கில் பலர் சறுக்கும் இடம், லிகண்டைக் கரைத்து வைக்கும் டிஎம்எஸ்ஓ. சுத்தமான டிஎம்எஸ்ஓ 14 மோலார். மேலே சொன்ன துளியில் அது 1.3 மோலார் அளவுக்கு வந்துவிடும். லிகண்டைப் போல 140 மடங்கு. வெறும் கரைப்பான்தானே என்று விட முடியாது. அதன் ஆக்சிஜன் அசிட்டைல் லைசினின் ஆக்சிஜனைப் போலவே அஸ்பரஜினைப் பிடிக்கும். படிகத்தை உறையவைக்கும்போது குளிர்காப்புக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்காலும் அதே பையில் உட்காருவதைப் பல புரோமோடொமைன் அமைப்புகளில் காணலாம். பிஏஇசட்2பியின் பை ஆழமில்லாதது. தளர்ந்த லிகண்டை இவை எளிதாகத் தள்ளிவிடும். எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் அஸ்பரஜின் அருகே மூன்று நான்கு அணு அளவுக்கு ஒரு மேடு தெரிந்ததும் லிகண்டின் தலைப்பகுதி என்று பொருத்திவிடும் தவறு இங்கேதான் பிறக்கிறது. அதனால், லிகண்ட் இல்லாமல் டிஎம்எஸ்ஓ மட்டும் அதே அளவில், அதே நேரம் ஊறிய ஒரு படிகத்தின் தரவு கட்டாயம் வேண்டும். குளிர்காப்புக்குக் கிளிசராலையோ குறைந்த எடை பெக்கையோ (பாலிஎத்திலீன் கிளைக்கால்) வைத்துக்கொள்வது மேல். குளிர்காப்புக் கரைசலிலும் லிகண்ட் அதே செறிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரை நிமிட முக்கலில் பாதி கழுவிப் போய்விடும்.

படிகம் வெடித்தால் உடனே லிகண்டைக் குறை சொல்லக் கூடாது. டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள துளியிலும் வெடிக்கிறதா என்று பாருங்கள். வெடித்தால் அளவை 2, 5, 10 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றலாம். தேக்கக் கரைசலைவிட 2 சதவீதம் கூடுதல் பெக் வைக்கலாம். டிஎம்எஸ்ஓவில் தாங்கி, லிகண்டில் மட்டும் வெடித்தால் அது நல்ல செய்தி: லிகண்ட் உள்ளே போய் வளைவைத் தள்ளுகிறது. அங்கே சோக்கிங்கை விட்டுவிட வேண்டும்.

கோ-கிரிஸ்டல் செய்முறை எளிது, பொறுமைதான் அதிகம் கேட்கும். 100 மைக்ரோலிட்டர் புரதத்துக்கு 50 மில்லிமோலார் லிகண்ட் 3 மைக்ரோலிட்டர்; டிஎம்எஸ்ஓ 3 சதவீதத்தோடு நிற்கும். பனிக்கட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, பத்து நிமிடம் மையவிலக்கில் சுழற்றி, மேல்நீரை மட்டும் துளியிட வேண்டும். லிகண்ட் வெண்மையாகப் படிந்தால், புரதத்தை லிட்டருக்கு 1 கிராமாக நீர்த்து, அதில் லிகண்டைக் கலந்து, பிறகு இரண்டையும் சேர்த்தே செறிவூட்டலாம். பழைய நிலைமையிலேயே படிகம் வரும் என்று நம்பியிருக்காமல் தட்டின் 96 படிகமாக்கல் நிலைமைகளையும் புதிதாகத் தேட வேண்டும். லிகண்ட் ஒன்றுக்கு 1 மில்லிகிராம் புரதம் அதிலேயே போகும். வெறும் புரதப் படிகத்தை நொறுக்கி விதையாகப் போட்டால் வேகம் கிடைக்கும். ஆனால் விதை பழைய அடுக்கையே இழுத்து வரும். வாசல் அடைபட்ட அடுக்குக்காகத்தான் இந்த வழிக்கு வந்தோம் என்றால் அந்த விதை ஆகாது.

சில வேலைகளுக்குக் கோ-கிரிஸ்டல் தவிர வழியே இல்லை. ஸ்மார்க்கா2 புரோமோடொமைனை விஎச்எல் புரதத்தோடு இணைத்து, செல் அதை அழிக்கும்படி செய்யும் புரோடாக் மூலக்கூறுகளின் அமைப்பு 2019இல் வெளிவந்தது. ஏசிபிஐ1 என்ற புரோடாக் அந்த ஆய்வில் பிறந்தது. இரண்டு புரதத்தை நடுவில் நின்று கட்டும் மூலக்கூறை, கட்டப்படாத புரதத்தின் படிகத்தில் ஊறவைத்து என்ன பயன்? மூன்றும் கரைசலிலேயே கூட வேண்டும். பெரும்பாலான புரோமோடொமைன் லிகண்டுகள் விட்டுவைக்கும் அடித்தண்ணீரை, ஸ்மார்க்கா2ஐப் பிடிக்கும் பிஎஃப்ஐ-3 என்ற லிகண்ட் வெளியே தள்ளிவிட்டு ஆழமாக இறங்குகிறது. இப்படிப்பட்டவற்றுக்கு இரண்டு வழியிலும் அமைப்பெடுத்து ஒப்பிடுவது நல்லது.

டெல்டாவின் வானிலையும் இந்தத் தேர்வில் வாக்குப் போடுகிறது. கோ-கிரிஸ்டல் தட்டு 20 டிகிரியில் வாரக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றால் அடைகாப்புப் பெட்டி இரண்டு மணி நேரத்தில் 30ஐத் தாண்டும். திரும்பக் குளிரும்போது மூடித் தாளில் நீர் கோத்துத் துளியில் சொட்டும். 2018 நவம்பர் 16இல் கஜா கரை கடந்தபின் நாகப்பட்டினம், திருவாரூர்ப் பகுதிகளில் பல நாள் மின்சாரமே இல்லை. சோக்கிங்குக்கு ஒரே ஒரு நல்ல தட்டு போதும். படிகம் வந்துவிட்டால் மீதி ஒரு பகலில் முடியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதற்கும் ஒரு பகை உண்டு. டிஎம்எஸ்ஓ ஈரக்காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். திறந்து திறந்து மூடிய குப்பியில் லிகண்ட் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து செறிவு குறைந்திருக்கும். 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து வைத்து, ஒரு முறை திறந்ததைத் திரும்பப் பயன்படுத்தாமல் விட வேண்டும்.

தரவு எடுக்க இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் உள்ள பிஎக்ஸ்-பிஎல்21 எக்ஸ்-கதிர் நிலையத்துக்கு அனுப்புவதானால், உலர் நைட்ரஜன் குடுவையை முந்தின நாளே நிரப்பி, எடை பார்த்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடை பார்க்க வேண்டும். எடை வேகமாக இறங்கினால் வெற்றிட உறை பழுது. படிகத்தை அதில் ஏற்றக் கூடாது. சோக்கிங் படிகங்கள் பெரும்பாலும் ஒரே அலகு அளவோடு வரும். பழைய அமைப்பை வைத்து நேரே சீராக்கத்துக்குப் போகலாம், சரிபார்ப்புக்கென ஒதுக்கிய ஆர்-ஃப்ரீ தரவுத் தொகுதியையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். கோ-கிரிஸ்டலில் படிகத்தின் சமச்சீர் வகையான இடக்குழுவே மாறலாம். தெரிந்த அமைப்பைப் புதுப் படிகத்தில் பொருத்தித் தேடும் மூலக்கூறு மாற்றீட்டிலிருந்து தொடங்க வேண்டும். எந்த வழியில் வந்தாலும், லிகண்டை வைக்காமல் சீராக்கிய வேறுபாட்டு வரைபடத்தில், 3 சிக்மாவில், அதன் உருவம் தானாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டிஎம்எஸ்ஓ படிகத்தின் வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள்.