அப்பாவின் சைக்கிளை நோக்கி: ஒரு ஹைப்ரிட்டை ஏழு ஆண்டுகள் மாற்றி மாற்றி ஓட்டிய அனுபவம்

2018 ஜூன் மாதம் வாங்கிய ஹைப்ரிட் (பந்தய சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை) சைக்கிளில்தான் இன்றும் சென்னை மடிப்பாக்கத்திலிருந்து அடையாறுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 10 கி.மீ., வாரத்தில் நான்கு நாள். சனிக்கிழமை காய்கறிப் பையும், மாதத்துக்கு ஒருமுறை அரிசி மூட்டையும், எப்போதாவது ஒரு ஞாயிறு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை போய்வருவதும் இதன் கணக்கில் சேரும். ஹேண்டில்பாரில் இருக்கும் மீட்டர் 19,000 கி.மீட்டரைத் தாண்டியிருக்கிறது. கடையிலிருந்து வந்த பாகங்களில் ஃபிரேம், சீட் போஸ்ட், முன் பிரேக் போன்ற சிலவே இன்னும் மாறாமல் இருக்கின்றன.

வாங்கிய அன்று மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, விளக்கு, செயின் கவர் எதுவும் அதில் இல்லை. அவற்றுக்குப் பதிலாக 21 கியர்களும் முன்சக்கரத்தைப் பிடிக்கும், ஸ்பிரிங் வைத்த ஒரு சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் இருந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு முப்பது ஆண்டுகள் ஹெர்குலிஸ் சைக்கிளில் வேலைக்குப் போன என் அப்பா, புதுவண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மீதியெல்லாம் எப்ப வரும்?" என்று கேட்டார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. அவருடைய சைக்கிளில் அவையெல்லாம் விலையோடு சேர்ந்தே வந்திருந்தன. அந்த ஹெர்குலிஸைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ், 1949இல் தொடங்கப்பட்ட அதே அம்பத்தூர் நிறுவனம்தான். இந்த ஏழு ஆண்டுகளில் நான் செய்த மாற்றங்களைத் திரும்பிப் பார்த்தால், பாதிக்கு மேல் அப்பாவின் சைக்கிளில் இருந்ததை என் சைக்கிளில் திரும்பப் பூட்டிய வேலையாகவே இருக்கிறது.

எல்லா மாற்றங்களிலும் முதலிடம் டயருக்குத்தான். வண்டியோடு வந்த 700×32 அளவு டயர்களில் முதல் ஆண்டில் மட்டும் ஒன்பது பஞ்சர்கள். வேளச்சேரிச் சாலையோரத்தில் லாரி டயர்களிலிருந்து உதிர்ந்து கிடக்கும் மயிரிழை போன்ற எஃகுக் கம்பிகளே பெரும்பாலானவற்றுக்குக் காரணம். அந்தக் கம்பி டயருக்குள் ஒடிந்து நின்றுவிட்டால், டியூபுக்கு ஒட்டுப் போட்ட மறுநாளே அதே இடத்தில் காற்று இறங்கும். டயரின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிப் பார்த்துக் கம்பியைப் பிடுங்கினாலொழியத் தீராது. 2019இல் ஷ்வால்பே மாரத்தான் வகையில் சற்று அகலமான 38 அளவுக்கு மாறினேன். தரையில் படும் பகுதிக்கு அடியில் 3 மி.மீ. தடிமனுக்கு ஒரு ரப்பர் அடுக்கு இருப்பதால் அந்தக் கம்பிகள் டியூபை எட்டுவதில்லை. அதன்பின் இதுவரை மூன்று பஞ்சர்கள். அவற்றில் ஒன்று ஆணி. டயர் கனமானது என்பதால் சிக்னலில் நின்று கிளம்பும்போது முதல் நான்கைந்து மிதிகளில் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு விஜயநகர் பாலத்துக்கடியில் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு டியூபை உருவிய அனுபவம் உள்ளவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் எடை 72 கிலோ. முன்சக்கரத்தில் 50, பின்சக்கரத்தில் 60 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறேன். பெட்ரோல் பங்க்கில் காற்றடிப்பதை விட்டுவிட்டேன். சிறிய டியூபில் காற்று எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பது காருக்கு அடித்துப் பழகிய கைக்குத் தெரிவதில்லை.

அடுத்தது ஹேண்டில்பார். நேராக இருக்கும் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்து ஓட்டியதில், அரை மணி நேரத்துக்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. உள்ளங்கையின் வெளிவிளிம்பில் ஓடும் நரம்பு அழுந்துவதால் வருவது இது. பின்னோக்கி வளைந்த, அப்பாவின் சைக்கிளில் இருந்த மாதிரியான ஹேண்டில்பாரை ரத்தன் பஜாரில் தேடி வாங்கினேன். அங்கேயே ஒரு தவறும் செய்தேன். ஹேண்டில்பாரை வண்டியோடு பிடித்துவைக்கும் என் ஸ்டெம் 31.8 மி.மீ. பருமனுள்ள கம்பிக்கானது, நான் வாங்கிவந்தது 25.4 மி.மீ. நடுவில் செருகும் அலுமினிய வளையம் ஒன்றைத் தேடி மறுபடியும் பாரிமுனைக்குப் போக வேண்டியதாயிற்று. வளையம் கிடைத்த பிறகும் வேலை முடியவில்லை. கைப்பிடி பின்னால் வந்துவிட்டதால் உடல் நிமிர்ந்தது. உடல் நிமிர்ந்ததால் எடை முழுவதும் சீட்டில் இறங்கியது. குறுகலான பழைய சீட் இரண்டே வாரத்தில் தாங்கமுடியாததாயிற்று. ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டைப் போட்டு, ஸ்டெம்மை முன்னதைவிட 3 செ.மீ. நீளமானதாக மாற்றிய பிறகே உட்கார்ந்து ஓட்டுவது சுகமானது. ஹேண்டில்பாரை மாற்ற நினைப்பவர்கள் சீட்டுக்கும் சேர்த்துப் பணத்தை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

சஸ்பென்ஷன் ஃபோர்க்கைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முயல்கிறேன், வரவில்லை. கடற்காற்றில் இரண்டு மழைக்காலங்களுக்குள் அதன் குழல்களில் துருப் புள்ளிகள் விழுந்து, பிறகு அது அழுந்துவதையே நிறுத்திவிட்டது. அழுந்தாத ஸ்பிரிங்கைச் சுமந்துகொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். 2021இல் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தபோது 2.3 கிலோ காட்டியது. அதற்குப் பதில் போட்ட சாதாரண எஃகு ஃபோர்க் 1.1 கிலோ. ஃபோர்க்கை மாற்றும்போது கவனிக்க வேண்டியது அதன் உயரம். சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் தலைப்புவரை அளந்து, நாம் ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் எவ்வளவு அழுந்துமோ அதைக் கழித்துவிட்டு, அந்த அளவுக்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். உயரம் குறைந்த ஃபோர்க்கைப் போட்டால் வண்டியின் மூக்கு தாழ்ந்து, ஹேண்டில் தொட்டாற்சிணுங்கியாகிவிடும். புது ஃபோர்க்கில் மட்கார்டு பூட்டத் துளைகள் இருந்தன. பழையதில் அவை கிடையா. மழைத்தண்ணீர் பின்முதுகில் கோடு போடாமலிருக்க மட்டும்தான் மட்கார்டு என்று நினைத்திருந்தேன். முன் மட்கார்டின் அடியில் தரையை ஒட்டினாற்போல் ஒரு ரப்பர் பட்டையைத் தொங்கவிட்ட பிறகு, செயினில் மணல் சேர்வது கண்கூடாகக் குறைந்தது.

கியர்தான் எனக்கு அதிக நாள் பிடித்த பாடம். முன்னால் 48, 38, 28 பற்கள் கொண்ட மூன்று தட்டுகள். பின்னால் 14 முதல் 28 வரை ஏழு பல்சக்கரங்கள். சென்னை சமவெளியில் இத்தனையும் எதற்கு என்று ஒரு மாதம் குறித்துவைத்துப் பார்த்தேன். நடுத்தட்டைவிட்டு நான் நகர்ந்ததே மேம்பாலங்களில் மட்டும்தான், அதுவும் கேரியரில் மூட்டை இருக்கும்போது. ஆகவே முன்னால் 38 பற்கள் கொண்ட ஒரே தட்டு, பின்னால் 14–34 ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) என்று மாற்றினேன். பழைய தட்டுகள் மூன்றும் ரிவெட் அடித்து ஒன்றாக இணைக்கப்பட்டிருந்ததால் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. பெடல்களைத் தாங்கும் கிராங்க் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. புதியதில் தட்டுக்கு வெளிப்புறம் ஒரு வட்டக் கவசம் இருப்பதால் பேன்ட் கால் செயினில் மாட்டுவதில்லை. என் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.18 மீட்டர். மிகக் கனமான கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 5.9 மீட்டரும், மிக இலேசானதில் 2.4 மீட்டரும் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மேல் கியரில் மணிக்கு 25 கி.மீ. வேகம் வந்துவிடும். நம் சாலைகளில் அதற்குமேல் எங்கே ஓட்டுவது?

இதில் இரண்டு குறைகள் இருந்தன. அந்த ஃப்ரீவீலில் பற்கள் 14, 16, 18, 20, 22, 24 என்று ஒழுங்காக ஏறிவந்து, கடைசியில் ஒரே தாவலாக 34க்குப் போகும். பாலத்தின் பாதியில் கியரைக் குறைத்தால் கால் திடீரென்று வெற்றிடத்தில் சுற்றுவதுபோல் ஆகிவிடும். இன்னொன்று, செயினைத் தட்டுக்குத் தட்டு நகர்த்தும் முன் டிரெயிலர் (derailleur) இல்லாததால் வேகத்தடைகளில் செயின் தட்டைவிட்டுக் கழன்றது. இரண்டு மாதங்கள் கைக்குட்டையைக் கரியாக்கிய பிறகு, கழற்றி வைத்திருந்த பழைய டிரெயிலரையே கேபிள் இல்லாமல் செயினுக்கு மேல் அசையாமல் பூட்டினேன். செயின் கழலாமல் காக்கும் வேலையைச் செலவில்லாமல் அது இன்றும் செய்துகொண்டிருக்கிறது.

கிராங்க் மாற்றிய நாளில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அச்சோடு சேர்ந்த பேரிங்கையும் மூடிய வகைக்கு மாற்றலாம் என்று, செயின் பக்கத்துக் கிண்ணத்தை வழக்கம்போல் இடப்புறமாகத் திருகினேன். அசையவில்லை. ஸ்பானரில் இரண்டடிக் குழாயைச் செருகி முழு எடையையும் கொடுத்தேன், அப்போதும் அசையவில்லை. இவ்வகை ஃபிரேமில் செயின் பக்கத்து மரை எதிர்மரை, வலப்புறம் திருகினால்தான் கழலும். நான் அரைமணி நேரமாக அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இடப்பக்கப் பெடலுக்கும் எதிர்மரைதான் என்பது சிறுவயதிலிருந்தே தெரியும். இங்கே அது நினைவுக்கு வரவில்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் சைக்கிள் இரண்டு நாள் அச்சளவு தண்ணீரில் நின்றது. வெளியே எடுத்துக் கழுவியபோது எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. ஒரு வாரம் கழித்துப் பின்சக்கரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். அச்சை உருவி, பேரிங் குண்டுகளை ஒரு பழைய தட்டில் கொட்டினார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறக் குழம்பு இருந்தது. "தம்பி, இது கிரீஸ் இல்ல, காப்பித்தண்ணி" என்றார். பக்கத்துக்கு ஒன்பது வீதம் பதினெட்டுக் கால் அங்குலக் குண்டுகள். ஒவ்வொன்றையும் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பளபளப்பு போய் எல்லாமே மங்கியிருந்தன. குண்டுகளைத் தாங்க அச்சில் திருகியிருக்கும் கோனை என் கட்டைவிரல் நகத்தால் வருடிப் பார்க்கச் சொன்னார். குண்டு ஓடும் தடத்தில் அம்மைத்தழும்பு போல் குழிகள் நகத்தில் தட்டுப்பட்டன. "குண்டு மாத்தலாம், கோன் மாத்தலாம். ஹப்புக்குள்ள இருக்கிற கப்பும் இப்படித்தான் இருக்கு, அதை என்ன பண்றது?" என்று கேட்டார். "அப்ப புது வீலே கட்டிடுவோம் அண்ணே" என்றேன்.

அப்படித்தான் இரண்டு சக்கரங்களையும் புதிதாகக் கட்டினோம். அந்தக் கால இந்தியச் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள் போடுவது வழக்கம். சுமை பின்னால் என்பதை அறிந்து செய்த கணக்கு அது. எனக்கு 40 துளை ரிம் கிடைக்காததால் இரண்டுக்கும் 36, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, சக்கரத்தின் நடுவே மூடிய பேரிங் ஹப். பின் ஹப் கேசட் என்னும் பல்சக்கரத் தொகுதியைப் பூட்டும் வகை என்பதால் கியரும் எட்டாயிற்று. 11 முதல் 32 வரை சீரான படிகளில் ஏறுவதால் பாலத்துத் தாவல் தொல்லை தீர்ந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் பொதுவாக ஒரே செயினும் ஒரே பின் டிரெயிலரும் பொருந்தும் என்பதால் கியர் லீவரை மட்டும் மாற்றினால் போதுமானதாயிருந்தது.

முன்சக்கரத்தில் டைனமோ ஹப் வைத்துக் கட்டினேன். 6 வோல்ட், 3 வாட். அப்பாவின் டைனமோ டயரில் உராய்ந்து உறுமும், போட்டதும் வண்டி இழுக்கும். இது அச்சுக்குள்ளேயே இருப்பதால் எரிகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். சிக்னலில் நின்றாலும் விளக்கிலுள்ள கெபாசிட்டர் சில நிமிடங்கள் ஒளியைத் தாங்குகிறது. சார்ஜ் போட மறந்த விளக்கோடு தரமணிச் சாலையில் திரும்பிய இரவுகளுக்குப் பிறகு, என் மாற்றங்களில் மிக விலைகூடியதாக இருந்தும் நான் வருந்தாத ஒன்று இது.

கேரியரும் ஸ்டாண்டும் போட்டேன், நன்றாயிருக்கின்றன. 25 கிலோ தாங்கும் என்று பொறித்த கேரியரில் 25 கிலோ மூட்டையை வைக்காமல், இரண்டு பத்துக் கிலோ பைகளாகப் பக்கவாட்டில் தாழ்த்தித் தொங்கவிட்டால் வண்டி தள்ளாடுவதில்லை. பிரேக்கில் பின்கட்டைகளையும் கேபிள்களையும் மாற்றியதோடு சரி. அப்பாவின் சைக்கிளைவிட என்னுடையது ஐயத்துக்கிடமின்றி மேல் என்று சொல்லக்கூடிய இடம் பிரேக்தான். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும் என்பது எந்த ஒரு கம்பெனியின் குறையுமன்று. அலுமினிய ரிம் மழையிலும் ஓரளவு பிடிக்கிறது. மழையில் அவர் பிரேக்கை நம்பாமல் செருப்பைத் தரையில் தேய்த்து நின்றதை நான் கேரியரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வீணான செலவுகளும் உண்டு. எடையைக் குறைக்க வாங்கிய அலுமினியப் பெடல் ஆறு மாதத்தில் ஆட்டம் கண்டது. ஜெல் வைத்த சீட் உறை வெயிலில் நின்று பிசுபிசுத்தது. மாறாமல் இருக்கிறது என்று மேலே சொன்ன சீட் போஸ்டும் பெருமைக்குரியதன்று. கிரீஸ் தடவாமல் விட்டதால் ஃபிரேமோடு இறுகிக்கொண்டு இப்போது மேலும் போகாது, கீழும் வராது. நல்லவேளையாக அது என் உயரத்தில் நின்றுவிட்டது. மகன் ஓட்டக் கேட்டால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செயினை அளந்தேன். கண்ணிகளை இணைக்கும் ஆணிக்கு ஆணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டிய பன்னிரண்டு ஜோடிக் கண்ணிகள் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தன. இந்த அளவில் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்குவரை விட்டுவிட்டால் பின் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். இது ஐந்தாவது செயின். ஆறாவது பிரிக்காத டப்பாவில் அலமாரியில் இருக்கிறது; இந்த வார மழை விட்டதும் பூட்ட வேண்டும்.