மூன்று நாள் பழசான எம்.ஓ.ரி தாளை நம்பி ஜீப் வாங்கிய கதை

இங்கிலாந்தில் பழைய சொகுசு ஜீப் வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசை எடுங்கள். எம்.ஓ.ரி என்பது வாகனம் வீதியில் ஓடத் தகுதியா என்று வருசாவருசம் பார்க்கும் கட்டாயச் சோதனை. விற்ற இடத்தின் பெயரையோ ஜீப்பின் பெயரையோ எழுதப்போவதில்லை. வழக்குக்குப் பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புகை கூடிய பழைய வாகனங்களுக்கு நாள் கட்டணம் வாங்கும் லண்டனின் யூலெஸ் திட்டம் 2023 ஓகஸ்ட் 29இல் எங்கள் ஹரோவுக்கும் வந்து சேர்ந்தது. எங்களிடம் இருந்தது 2011 டீசல் வாகனம். வாசலை விட்டு எடுத்தாலே நாளுக்கு 12.50 பவுண்ஸ். பழைய வாகனத்தை உடைக்கக் கொடுத்தால் காசு தரும் ஸ்கிராப்பேஜ் திட்டத்தில் கொடுத்து 2,000 பவுண்ஸ் வாங்கினோம். அதோடு ஒரு சின்னப் பெற்றோல் காரை வாங்கிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அத்தான் ஒரு வருசமாகப் பெரிய ஜீப்பில் வந்து கோயில் வாசலில் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்குள்ளும் ஒரு பூச்சி ஊரத் தொடங்கியிருந்தது. மனுசி வேண்டாம் என்றுதான் சொன்னவள். இதை அவளும் வாசிப்பாள், ஆகவே எழுதி வைக்கிறேன்.

பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பேட்டைக்குள் அந்த இடம். 2016 பதிவு, 3 லீற்றர் டீசல், 94,000 மைல், விலை 13,995 பவுண்ஸ். புதிதாக 60,000க்கு மேல் போன வாகனம். கறுப்பு நிறம், தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை. விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது: 'புது எம்.ஓ.ரி, 12 மாதம், ஒரு அட்வைசரியும் இல்லை.' அட்வைசரி என்றால், பாஸ் ஆனாலும் கவனிக்கச் சொல்லித் தாளில் எழுதும் குறை. சோதனை நடந்தது ஒக்ரோபர் 11. வியாழக்கிழமை போனில் 500 பவுண்ஸ் கடனட்டையால் கட்டி வாகனத்தைப் பிடித்துவைத்தேன். சனிக்கிழமை, 14ஆம் திகதி, ரயிலில் போய் இறங்கினேன். மிச்சத்தை வங்கி மூலம் அனுப்பச் சொன்னான் விற்ற பெடியன். "கார்ட் எண்டா எங்களுக்குச் செலவு, பொஸ்" என்றான். அனுப்பினேன்.

அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது, அரசாங்கமே பார்த்துச் சரி என்று சொன்ன வாகனம் என்றுதான் என் மண்டைக்குள் ஓடியது. உண்மையில் சோதிப்பது அரசாங்கத்திடம் அனுமதி பெற்ற தனியார் கராச். காருக்கு அவர்கள் வாங்கக்கூடிய ஆகக்கூடிய கட்டணமே 54.85 பவுண்ஸ். பிரேக், ரயர், லைட், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீற் பெல்ட், புகை எல்லாம் பார்ப்பார்கள். எதையும் கழற்றிப் பார்க்கமாட்டார்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அந்தச் சோதனையிலேயே இல்லை. பாஸ் என்றால், அந்த நாளில் அந்த நேரத்தில் ஓடுவதற்குத் தேவையான குறைந்தபட்சம் இருந்தது, அவ்வளவுதான். ரயர் பட்டு, அதாவது அதன் வரிப்பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீற்றருக்கு ஒரு மயிரளவு மேலே இருந்தாலும் பாஸ்தான்.

எம்40இல் ராசா மாதிரி ஓடி வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை யன்னலால் பார்த்தால் முன் இடப்பக்கம் மண்டியிட்ட மாடு மாதிரிச் சரிந்து கிடக்கிறது. பெடியனுக்குப் போன் அடித்தேன். "அது ஏறி இறங்க வசதியா தானா இறங்கும் பொஸ், அதுதான் சொகுசு" என்றான். அப்படி ஒரு வசதி உண்மையிலேயே அந்த வாகனத்தில் இருக்கிறது. ஆனால் அது நாலு பக்கமும் சமமாக இறங்கும். எனக்கு அது அப்போது தெரியாது.

ஸ்டார்ட் பண்ணியதும் எழும்பி நின்றது. இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏயர் சஸ்பென்ஷனில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் றப்பர் காற்றுப் பை இருக்கும். ஏழெட்டு வருசத்தில் றப்பர் மடிப்புகளில் வெடித்துக் காற்றுக் கசியும். எஞ்சின் ஓடும்போது கொம்பிரசர் விடாமல் காற்றடித்து நிமிர்த்தி வைத்திருக்கும். ஆகவே எம்.ஓ.ரிக்குள் போய் வரும் ஒரு மணி நேரத்தில் கசிவு பிடிபடாமல் போகலாம். இரவெல்லாம் நிறுத்தி வைத்தால்தான் குட்டு வெளிப்படும். அப்படி ஓய்வில்லாமல் அடித்து அடித்துக் கடைசியில் கொம்பிரசரும் எரியும். 60,000 பவுண்ஸ் வாகனம் 14,000க்கு இறங்கிவிடுகிறது, அதன் சாமான்கள் மட்டும் இன்னும் 60,000 பவுண்ஸ் வாகனத்தின் சாமான்களாகவே விலை சொல்கின்றன. பழைய சொகுசு வாகனத்தின் முழுச் சூட்சுமமும் இதற்குள்தான் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஏ40இல் சஸ்பென்ஷன் பழுது என்று மஞ்சள் எழுத்து வந்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது யாரோ பின்னால் உதைப்பது போல ஒரு குலுக்கம் வேறு. பெடியன் குரலில் தேன். "பார்ட் ஓடர் பண்ணியிருக்கு, அடுத்த செவ்வாய் வரும். வேற ஆரையும் தொட விட்டிடாதேங்கோ, வொறன்ரி போயிடும்." அடுத்த செவ்வாய் வந்தது. அதற்கடுத்த செவ்வாயும் வந்தது. எல்லாம் போனில்தான், ஒரு ஈமெயில்கூட இல்லை. அந்த மூன்று மாத வொறன்ரியைப் பிறகு எடுத்து வாசித்தேன். ஒரு பழுதுக்கு உச்சம் 500 பவுண்ஸ், ஏயர் சஸ்பென்ஷன் அதில் சேராது.

பொறுமை போய் நவம்பர் 18இல் அல்பேர்ட்டனில் கராச் வைத்திருக்கும் எங்கட ஊர்த் தம்பியிடம் கொண்டுபோனேன். அவன் பொனற்றைத் திறக்க முதல் போனை எடுத்தான்.

"அண்ணை, ஹிஸ்ரி பாத்தனீங்களோ?"

"புது எம்.ஓ.ரி இருக்கடா."

"அது கிடக்கட்டும். பழசைப் பாத்தனீங்களோ?"

அரசாங்க இணையத்தளத்தில் இலக்கத்தகட்டு எண்ணை மட்டும் அடித்தான். சதம் காசு செலவில்லை. 2005இலிருந்து நடந்த எம்.ஓ.ரி சோதனைகள் அங்கே கிடக்கின்றன. 2021இல் முன் சஸ்பென்ஷன் கையில் ஆட்டம், ஃபெயில், பிறகு பாஸ். 2022இல் பாஸ், ஆனால் கீழே ஏழு அட்வைசரி: பின் ரயர் இரண்டும் உள்விளிம்பில் தேய்வு, முன் பிரேக் டிஸ்க்கில் அரிப்பு, பிரேக் குழாயில் துரு, எண்ணெய்க் கசிவு, முன் இடப்பக்க புஷ் (சஸ்பென்ஷன் மூட்டு றப்பர்) தேய்வு, இன்னும் இரண்டு. 2023 ஒக்ரோபர் 11இல் ஒன்றுமே இல்லை, வெள்ளைத் தாள். மைல் கணக்கு மட்டும் ஒழுங்காக ஏறியிருந்தது, அந்த மட்டில் நேர்மை.

"எல்லாத்தையும் மாத்தியிருப்பாங்கள்" என்றேன். தம்பி ஒன்றும் பேசாமல் லிஃப்ற்றில் தூக்கினான். பின் ரயரின் பக்கத்தில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினான்: 1418. அதாவது 2018ஆம் ஆண்டின் 14ஆவது கிழமை செய்த ரயர். 2022இல் தேய்ந்துவிட்டது என்று எழுதிய ரயருக்கு 2023இல் பட்டு முளைத்திருக்கிறது. அந்தத் துரு, அந்தக் கசிவு, அந்த புஷ் எல்லாம் அதே இடத்தில். வாகனப் பதிவுப் புத்தகமான வி5சியில் உள்ள 11 இலக்க எண்ணையும் போட்டால் எந்தக் கராச்சில் சோதித்தார்கள் என்றும் வரும். போட்டோம். அதே தொழிற்பேட்டை. அவர்களுக்குள் என்ன உறவு என்று எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லவும் மாட்டேன்.

பாஸ் ஆகியிருக்கக்கூடாத வாகனம் பாஸ் ஆகியிருக்கிறது என்று, எம்.ஓ.ரியை மேற்பார்க்கும் அரசாங்க நிறுவனமான டிவிஎஸ்ஏக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் சோதனை நடந்து 28 நாட்களுக்குள். துரு என்றால் மட்டும் மூன்று மாதம். 28 நாள் நவம்பர் 8இலேயே முடிந்திருந்தது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான சாமானைத் திருப்பிக் கொடுத்து முழுக்காசையும் கேட்க 30 நாள். அதுவும் போயிருந்தது. செவ்வாய்க்கிழமைகளின் அர்த்தம் அந்தக் கராச்சில் நின்றபடிதான் எனக்கு விளங்கியது. பழுதுபார்த்துத் தரும்படி கேட்டால் அதற்காகக் காத்திருக்கும் நாட்கள் அந்த 30இல் சேராது, ஆனால் கேட்டதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. அதுவும் பிறகுதான் தெரிந்தது.

அதன்பிறகு எல்லாமே ஈமெயில். 30 நாள் கடந்தாலும் ஆறு மாதத்துக்குள் என்றால், பழுது விற்கும்போது இருக்கவில்லை என்று நிரூபிக்கவேண்டியது விற்றவர்தான். ஆனால் திருத்த அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கவேண்டும். கொடுத்தேன். இரண்டரைக் கிழமை வைத்திருந்துவிட்டுக் கழுவித் துடைத்து டிசம்பர் 15இல் தந்தார்கள். 24ஆம் திகதி காலை மாடு மறுபடி மண்டியிட்டது. திருப்பி எடுக்கச் சொல்லி எழுதினேன், பதிலில்லை. போனும் எடுக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது அந்த 500 பவுண்ஸ். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இப்படி: 100 பவுண்ஸுக்கு மேல் 30,000க்குள் விலையுள்ள சாமானுக்கு ஒரு பகுதியையாவது கடனட்டையால் நேரே கட்டியிருந்தால், முழு விலைக்கும் அட்டைக் கம்பனியும் விற்றவருக்குச் சமமாகப் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. 240 பவுண்ஸ் கொடுத்துத் தனியான ஒரு பொறியியலாளரின் அறிக்கை எடுத்தேன். தம்பி எழுதித் தந்த 2,300 பவுண்ஸ் சஸ்பென்ஷன் மதிப்பீட்டையும், எம்.ஓ.ரி ஹிஸ்ரியையும், 1418 படத்தையும் சேர்த்து ஜனவரியில் அனுப்பினேன். ஏப்ரலில் 12,895 பவுண்ஸ் வந்தது. ஓடிய மைலுக்கு 1,100 கழித்துவிட்டார்கள், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. காப்புறுதி, அறிக்கை, ரயில் எல்லாம் என் கணக்கு. கியர்பொக்ஸ் குலுக்கம் என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

ஜீப் பார்க்கத்தான் போவேன் என்று நிற்பவர்களுக்குத் தம்பி சொல்வது ஒன்று: விடியப் போங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணவேண்டாம் என்று முதல்நாளே சொல்லி வையுங்கள். போனதும் பொனற்றில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இப்போது வீட்டில் நிற்பது ஒரு சின்னப் பெற்றோல் கார். அத்தான் கேட்டால், பார்க்கிங் லேசு என்கிறேன்.

ஆனால் அந்த ஜீப்பின் இலக்கத்தகட்டு எண் மனப்பாடமாகிவிட்டது. ஜீப் லொறியில் ஏறிப் போன பிறகும் அவ்வப்போது அடித்துப் பார்ப்பேன். மே மாதம் புதிதாக ஒரு சோதனை பதிவாகியிருந்தது. என் வாசலை விட்டுப் போனபோது இருந்ததைவிட 41 மைல் கூட. பாஸ். அட்வைசரி ஒன்றும் இல்லை.