தருமபுரியில் கீசர் மாட்டிக் கொடுத்த ஒரு கடை: பணி குறித்த மதிப்புரை

தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகில் உள்ள ஒரு மின்சாதனக் கடையில் 15 லிட்டர் கீசர் ஒன்று வாங்கினோம். கருவியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் பெற்ற, உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியும் 2000 வாட் சூடேற்றும் எலிமென்ட்டும் கொண்ட, பல நிறுவனங்களும் விற்கின்ற வகைதான் அது. அந்தக் கடையார் அதை மாட்டிக் கொடுத்த முறையே எழுதத் தக்கது.

வந்த மின்பணியாளர் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன்பே குளியலறைக்கான 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தார். வீடு கட்டிய காலத்தில் வயரிங் செய்தவர், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோகும் எர்த் கம்பியை இழுக்காமல், எர்த் முனையையும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் முனையையும் ஒரு சிறு துண்டுக் கம்பியால் இணைத்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. இது மிகக் கொடிய குறுக்குவழி. மின்சாரம் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் சோதனை பல்பை வைத்தால் அது பிரகாசமாகவே எரியும் என்பதால், எர்த் சரியாக இருக்கிறது என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். ஆனால் கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரல் எங்காவது அறுந்தால், எலிமென்ட் வழியாக வரும் மின்சாரம் அந்தத் துண்டுக் கம்பியின் வழியே கருவியின் உடலுக்கும், அதிலிருந்து தண்ணீருக்கும் உலோகக் குழாய்க்கும் ஏறிவிடும். எலிமென்ட்டிலிருந்து கசியும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகவே திரும்பிப் போய்விடுவதால், மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருந்தாலும் அது கசிவை உணராது. பல்பை வைத்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு ‘எர்த் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லும் பணியாளரை ஏற்க வேண்டாம்; பாயின்ட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அந்தத் துண்டுக் கம்பியை எடுத்துவிட்டு, முறையான எர்த் குழி அமைக்கும் வரை கீசரை மாட்ட முடியாது என்று அவர் உறுதியாகச் சொன்னார். விற்ற பொருளை உடனே மாட்டிக் கணக்கை முடிக்கவே பெரும்பாலோர் விரும்பும் இடத்தில் இந்த உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். வீட்டின் பின்புறம் குழி தோண்டி, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, அங்கிருந்து தனி எர்த் கம்பியை மெயின் போர்டுக்குக் கொண்டு வந்தார்கள். நம் பகுதியில் பல இடங்களில் சிறிது ஆழத்திலேயே பாறை தட்டும்; கோடையில் மண் முற்றிலும் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் மின்தடை உயரும் என்பதால், வெயில் காலத்தில் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) செம்பு வயரில் தனி இணைப்பு, அதற்கென மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., குளியலறைக்கு வெளியே ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவற்றை வைத்தார்கள். 2000 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட மெல்லிய வயரிலிருந்து கிளை எடுத்துக் கொடுத்தால், அது சுவருக்குள்ளேயே சூடாகி உறை இளகிவிடும்.

குழாய்ப் பணியில்தான் எனக்குக் குறை. பிளம்பர் வெந்நீர் வெளிவரும் பக்கத்தில் சாதாரண பி.வி.சி. குழாயைப் பொருத்த முனைந்தார். அது வெப்பத்தில் இளகிவிடும், வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. குழாய் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்திய பின்னரே மாற்றினார். அதைவிட முக்கியமானது பிரஷர் வால்வு. 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ கால் லிட்டர் அளவுக்கு விரிகிறது. குளிர்நீர் வரும் வழியில் பின்னோக்கி விடாத வால்வு இருப்பதால், அந்தக் கூடுதல் நீர் வெளியேறப் பிரஷர் வால்வின் சிறு துளை ஒன்றே வழி. சூடாகும் நேரத்தில் அதில் சொட்டுவது இயல்பு. ‘சுவர் ஈரமாகிறது’ என்று அந்தத் துளைக்கு மூடி போட்டுத் தருவதாக பிளம்பர் சொன்னதை மின்பணியாளர் அங்கேயே கண்டித்தார். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, வெப்பம் மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டும் வேலை செய்யாத நிலையில், தொட்டி வெடிக்காமல் காப்பது அந்தத் துளைதான். ஒரு மெல்லிய குழாயை அதில் மாட்டி, கழிவுநீர்ப் போக்கு வரை கொண்டுவந்து விட்டதும் சுவர் ஈரமாகும் சிக்கலும் தீர்ந்தது.

எங்கள் சுவர் செங்கல் என்பதால் கொக்கிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. ஹாலோ பிளாக் சுவர் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் தொட்டி நிரம்பியதும் தண்ணீரின் எடை மட்டுமே 15 கிலோ கூடிவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுதும் வெளியேறித் தண்ணீர் இடைவிடாமல் வந்த பிறகே சுவிட்சைப் போட்டார்கள். வெறும் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் எலிமென்ட் கருகிவிடும்.

குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தாலும், எங்கள் தெருவில் குளிப்பதற்குப் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்தான். நம் மாவட்டத்து நிலத்தடி நீர் ஃபுளூரைடுக்காகப் பெயர் பெற்றிருந்தாலும், எலிமென்ட்டின் மேல் வெள்ளையாகப் படிவது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த உப்பு. வெப்பம் ஏற ஏறப் படிவு மிகும் என்பதால் தெர்மோஸ்டாட்டை 55 முதல் 60 டிகிரிக்குள் வைக்கச் சொன்னார்கள். குளிக்க அது தாராளமாகப் போதும். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியை வடித்துப் படிவை நீக்குவதையும், துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியம் கம்பி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பதையும் இதே கடையார் கட்டணத்துக்குச் செய்கிறார்கள்.

விலைப் பட்டியலில் ‘இலவச நிறுவல்’ என்று இருந்தாலும் அது சுவரில் தொங்கவிடுவதை மட்டுமே குறித்தது; குழாய், வால்வு, வயர், எர்த் எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. இதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் தந்திருக்க வேண்டும். மின்பணிக்கு இந்தக் கடையை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். குழாய்ப் பணிக்கு நீங்கள் அறிந்த பிளம்பரை அழைத்துக்கொண்டு, அவரையும் கடையின் மின்பணியாளரையும் ஒரே நேரத்தில் வரச் செய்யுங்கள்.