உப்புவெளியில் ஒரு சின்ன விடுதி: கரண்ட் பில்லில் மிச்சம் பிடித்து நிமிர்ந்தவர்கள்

திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் தங்க இடம் கேட்கிறவர்களுக்கு இனிமேல் உப்புவெளியில் இருக்கிற இந்தக் குடும்ப விடுதியைத்தான் சொல்வேன். எட்டு அறை, ஒரு சமையலறை, முற்றத்தில் வேப்பமரம், அவ்வளவுதான். அறைகள் துப்புரவு, காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் அருமை. ஆனால் நான் எழுத வந்தது வேறு. சுற்றுச்சூழல் எல்லாம் பெரிய ஹோட்டல்காரருக்குத்தான், எங்களுக்குக் கட்டாது என்று சொல்லும் சின்ன முதலாளிமார் இங்கே வந்து ஒருமுறை கணக்குக் கேட்க வேண்டும்.

கூரை முழுக்க சோலார் பனல். நாட்டில் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் ஏறியது நினைவிருக்கும். இவர்கள் அதற்கு முன்பே கடன் எடுத்துப் போட்டுவிட்டதால் அந்த அடி பெரிதாக விழவில்லை, அறை வாடகையையும் ஏற்றவில்லை. யோசித்துப் பார்த்தால் திருகோணமலைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் சீசன், வெயில் கொளுத்துகிற அதே மாதங்களில்தான் ஆட்களும் வருகிறார்கள், ஏசியும் ஓடுகிறது, பனலும் நிறையக் கொடுக்கிறது. ஆள் குறைந்த காலத்தில் மிஞ்சுகிற யூனிட்டுகள் பொது மின்சார லைனுக்குப் போய்க் காசாகத் திரும்பி வருகின்றன.

இன்னொன்று, பனல் மட்டும் இருந்தால் போதாது. லைனில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக, கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது பட்ட பாட்டில், மீன் வைக்கிற பிரீசருக்கும் மின்விசிறிகளுக்கும் பற்றரி சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் மீன் பழுதாகிக் கொட்டின கதை இல்லை என்றார் விடுதிக்கார அக்கா.

பிளாஸ்டிக் தண்ணிப் போத்தல் விற்பதில்லை, வடிகட்டிய தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் வைக்கிறார்கள், சமையல் கழிவு வாழைக்குப் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவுக்குப் படகு ஏற்றும் முன் அவர்கள் சொல்லுகிற விஷயம்: பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள், ஆமையைத் துரத்தாதீர்கள். 2003இல் தேசியப் பூங்காவான இடம் அது. பவளம் செத்தால் படகுக்காரருக்கும் பிழைப்பில்லை, விடுதிக்கும் ஆளில்லை என்று நேராகவே சொல்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் பலர் இதைக் கேட்டுத்தான் தெரிந்தவர்களையும் இங்கே அனுப்புகிறார்களாம்.

குறையும் உண்டு. சுடுதண்ணியும் வெயிலை நம்பித்தான், மப்பான காலையில் குளிர்ந்த தண்ணீரில்தான் குளிக்க வேண்டும், குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் அடுப்பில் வைத்துத் தருவார்கள். காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு முன்னால் வராது, விடியப் படகு ஏறுகிறவர்கள் முதல்நாள் இரவே பார்சல் கேட்டு வையுங்கள்.