லவ்கிராஃப்டை எங்கிருந்து தொடங்கலாம்? பத்து வருடம் படித்தவனின் அனுபவம்

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்டின் கதைத் தொகுப்பு என் கைக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. நல்ல தலையணை கனம். கதைகளை எழுதிய வரிசையிலேயே அடுக்கியிருந்தார்கள், நானும் 1917-இல் எழுதிய 'டேகன்' பக்கத்திலிருந்து ஒழுங்குப் பிள்ளையாக ஆரம்பித்தேன். செய்த தப்பு அதுதான். ஆரம்பகாலக் கதைகளில் பாதி கனவு, மீதி அலங்காரம். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தவன், 'த ட்ரீம்-குவெஸ்ட் ஆஃப் அன்நோன் கடாத்' என்ற குறுநாவலில் மாட்டிக்கொண்டேன். மூச்சு விட ஒரு அத்தியாயப் பிரிவுகூடக் கிடையாது. மூடி வைத்த புத்தகத்தை இரண்டு வருடம் தொடவில்லை.

அப்புறம் ஒரு நாள் சும்மா புரட்டும்போது, நான் கைவிட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி 'த கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கண்ணில் பட்டது. 1927-இல் அச்சான கதை. ஒரு பண்ணையில் விண்கல் விழுகிறது. அந்த வருடம் பழங்கள் வழக்கத்தைவிடப் பெரிதாகக் காய்க்கின்றன, ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. செடிகள் இருட்டில் லேசாக ஒளிர்கின்றன. காற்றே இல்லாதபோது மரக்கிளைகள் அசைகின்றன. கால்நடைகள் சாம்பல் நிறமாகி உதிர்கின்றன, பிறகு வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவராக. பேயும் இல்லை, பல்லைக் காட்டும் பூதமும் இல்லை. வந்தது ஒரு நிறம், அவ்வளவுதான். அதற்கு அந்தக் குடும்பத்தின் மேல் கோபம்கூடக் கிடையாது. லவ்கிராஃப்டின் பயம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. யார் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

அடுத்தது 'த ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்'. அவர் உயிரோடு இருந்தபோது தனிப் புத்தகமாக வந்தது இது ஒன்றுதான், 1936-இல். லவ்கிராஃப்டுக்கு ஓடவும் துரத்தவும் எழுத வராது என்பவர்கள் இதில் வரும் ஓட்டல் அறைக் காட்சியைப் படிக்க வேண்டும். கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று கவனித்த கதைசொல்லி, அலமாரியில் இருந்ததைக் கழற்றி அங்கே பொருத்துகிறான். கொஞ்ச நேரத்தில் யாரோ வெளியிலிருந்து சத்தமில்லாமல் பூட்டைத் திறந்து பார்க்கிறார்கள். நேரமில்லை என்றால் 'த மியூசிக் ஆஃப் எரிக் ஸான்' போதும், ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த 'த கால் ஆஃப் குதுல்ஹூ'வை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். (குதுல்ஹூ என்ற அந்த வேற்றுலக ஜீவனின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மனிதத் தொண்டைக்கு ஏற்ற பெயரே அல்ல என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.) குறிப்புகள், செய்தித்தாள் துண்டு, மாலுமியின் கையெழுத்துப் பிரதி என்று சிதறிக் கிடக்கும் கதை. அவர் போக்குப் பழகியவருக்குத்தான் ருசிக்கும். 'அட் த மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னெஸ்' எனக்கு மிகப் பிடித்தது, ஆனாலும் புதியவருக்குத் தரமாட்டேன். அண்டார்டிகாவின் பாறை அடுக்குகளைப் பற்றியே பக்கம் பக்கமாகப் போகும்.

இத்தனை வருடத்தில் பழகாத குறைகளும் உண்டு. 'விவரிக்க முடியாத', 'பெயரிட முடியாத' என்று அடுக்கிக்கொண்டே போவார், சில இரவுகளில் சிரிப்பே வந்துவிடும். ஒரே வாரத்தில் நாலைந்து படித்தால் எல்லாம் ஒரே கதை போலாகிவிடும், அதனால் நான் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை. இன வெறுப்பு விஷயம் வேறு. வெள்ளையர் அல்லாதவர்களை அவர் எழுதும் விதம் பல இடங்களில் அருவருப்பாக இருக்கும், குதுல்ஹூ கதையிலும் இருக்கிறது. 'த ஹாரர் அட் ரெட் ஹுக்' முழுக்க அதுதான். அந்தக் காலம் அப்படி என்று என்னால் தாண்டிப்போக முடியவில்லை, அந்தக் கதையை மறுபடி எடுக்கவும் இல்லை.

கடாத்தை? போன வருடம் திரும்ப முயன்றேன். பழைய புத்தகக் குறி இருந்த இடத்திலிருந்து ஏழு பக்கம் முன்னேறியிருக்கிறேன்.