‘நேற்று’ என்பது எந்த நாள்? மூன்றரை வருடம் பெட்டி இழுத்த அனுபவம்

போன வாரம் சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார். இங்கே உபி வட்டாரத்தில் சின்னதாகக் கூரியர் தொழில் நடத்துகிறார். ராத்திரியில் ஓடும் டேட்டா வேலைகளுக்குப் பெட்டிகளை இழுத்து வைத்து இணைக்கிற வொர்க்ஃப்ளோ கருவி வாங்கலாமா, இல்லை ஆள் வைத்துப் பைத்தான் மொழியில் நிரலாக எழுதிவிடலாமா என்று. என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, ஜனவரி மாதக் கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். ஆறு கடைகள், ஜூரோங்கில் ஒரு கிடங்கு. தினமும் அதிகாலை 2 மணிக்கு ஆறு கடைகளின் கல்லாவிலிருந்தும் முந்தின நாள் விற்பனையை எடுத்து, திரும்பி வந்த சரக்கைக் கழித்து, கிடங்கு இருப்போடு சரிபார்த்து, காலை 7 மணிக்குள் கணக்குப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும். இதை மூன்றரை வருடம் பெட்டிக் கருவியில்தான் ஓட்டினோம். கருவியின் பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் குறை அதற்கு மட்டும் உரியதில்லை.

முதலில் அது கொடுத்த சந்தோஷம். எங்கள் கணக்குப் பிரிவு அக்காவுக்கு நிரல் எழுதத் தெரியாது. வந்த முதல் மாதமே என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தவர், “தம்பி, தள்ளுபடி போட்டதுக்கு அப்புறம்தானே திரும்பி வந்த சரக்கைக் கழிக்கணும்? இங்க முன்னாடியே கழிக்குதே” என்றார். அவர் சொன்னது சரி. அதைப் பைத்தானில் எழுதியிருந்தால் அந்தத் தப்பு எத்தனை மாதம் உள்ளேயே கிடந்திருக்குமோ தெரியாது. நிரலை வாசிக்க நான் ஒருவன்தான், படத்தை வாசிக்க ஆபீசே இருந்தது. எந்தப் பெட்டி சிவப்பாகி நிற்கிறது என்று பார்த்து, கிடங்குப் பையன் அவனாகவே அந்தக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவான்.

சரி, இப்போது கோபம். கருவியில் தேதி எடுக்கிற பெட்டி ஒன்று உண்டு. அதில் ‘நேற்று’ என்று தேர்ந்தெடுத்தால் போதும். எவ்வளவு வசதி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த ‘நேற்று’ யாருடைய நேற்று? சர்வரை ஒருமுறை மாற்றியபோது அதன் கடிகாரம் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்குப் போய்விட்டது. 2 மணி வேலை காலை 10 மணிக்கு ஓடியது, நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோமே. அவசரத்தில் மணியை 18 என்று மாற்றினோம், சரியாக அதிகாலை 2 மணிக்கு ஓட ஆரம்பித்தது, நிம்மதியாக இருந்தோம். ஆனால் நமக்குச் செவ்வாய் அதிகாலை 2 என்றால் யூடிசியில் இன்னும் திங்கள் மாலை 6. அதனால் அந்தப் பெட்டிக்கு ‘நேற்று’ என்றால் ஞாயிறு. நான்கு நாள் முந்தாநாள் கணக்கையே கொடுத்துக்கொண்டிருந்தோம். எண்கள் பார்க்க நம்பும்படி இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதற்கு எங்கேயாவது +8 என்று கூட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1-இல்தான் இந்த 8 மணி நேரத்துக்கு மாறியது, அதற்கு முன் ஏழரை. உறுப்பினர் பிறந்த தேதியை நேரத்தோடு சேர்த்து +8 கணக்கில் சேமித்துவிட்டு, பிறகு ‘ஏசியா/சிங்கப்பூர்’ என்று, அதாவது பழைய நேர மாற்றங்களையும் தெரிந்துவைத்திருக்கும் நேர மண்டலத்தில் படித்தால், 1975-இல் பிறந்தவருக்குப் பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் போய்விடும். நள்ளிரவு 12 மணி, முந்தின இரவு பதினொன்றரை ஆகிவிடுகிறது. எங்கள் பிறந்தநாள் தள்ளுபடியில் இதைப் பார்த்தேன்.

ஆனாலும் உண்மையில் என்னை உடைத்தது ஜனவரிதான். தீபாவளி சமயத்தில் 19 நாட்களுக்குத் தள்ளுபடி விவரம் தவறாக வந்திருந்தது காலாண்டுக் கணக்கு முடிக்கும்போது தெரிந்தது. பொருள் சேவை வரிப் படிவம் ஜனவரி 31-க்குள் போக வேண்டும். 19 நாட்களையும் மறுபடி ஓட்ட வேண்டும், கருவிக்கோ ‘இன்று’ மட்டும்தான் தெரியும். ‘நேற்று’ பெட்டியை எடுத்துவிட்டு அங்கே தேதியைக் கையால் அடித்து, ஓட்டி, முடிகிற வரை காத்திருந்து, அடுத்த தேதியை அடித்து, இரண்டு ராத்திரி இப்படியே போனது. நடுவில் ஒரு தேதியை இரண்டு முறை ஓட்டிவிட்டோம், அந்த நாள் விற்பனை இரட்டிப்பாகிவிட்டது. எழுதுவதற்கு முன் அந்த நாளின் பழைய வரிகளை அழிக்கும்படி நாங்கள் அமைத்திருக்க வேண்டும், அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேலை எந்த நாளுக்காக ஓடுகிறது என்பதையே தெரிந்துகொள்ளாத கருவியை நம்பி வரிக் கணக்கை வைத்திருந்தோமே என்ற ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

பிப்ரவரியில் ஏர்ஃப்ளோவுக்கு மாறினோம், வேலைகளைப் பைத்தான் நிரலாக எழுதி நேரத்துக்கு ஓட்டும் கருவி. 2014-இல் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் தொடங்கி, 2019-இல் அப்பாச்சி என்ற திறந்த மூல மென்பொருள் அமைப்பின் முழுத் திட்டமானது அது. நாங்கள் வைத்திருப்பது பதிப்பு 2. அதில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனக்கென்று ஒரு நாள் உண்டு. 14-ஆம் தேதிக்கான ஓட்டம் 14 முடிந்த பிறகுதான் தொடங்கும், ஆனால் அதற்குள் தேதி 14-தான். எத்தனை மாதம் கழித்து ஓட்டினாலும் 14-தான். இது முதலில் எல்லோரையும் குழப்பும், அந்தத் தேதிக்கு வைத்த பழைய பெயர் குழப்பியதால்தான் 2.2-இல் பெயரையே மாற்றினார்கள். புரிந்துவிட்டால் திரும்பிப் போக மனசு வராது. அதே 19 நாட்களைச் சோதித்துப் பார்த்தேன். ஒரே கட்டளை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, இருபது நிமிடம். மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம், யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியில் அப்படியே தெரிகிறது. பெட்டிக் கருவியில் ஒரு பெட்டியை அரை அங்குலம் நகர்த்தினாலும் ஏற்றுமதி ஃபைலில் இடம் மாறியதாகக் காட்டும், உண்மையான மாற்றம் எது என்று தேட வேண்டியிருந்தது.

குறையும் உண்டு. ஷெட்யூலர், வெப்சர்வர், டேட்டாபேஸ் என்று மூன்றையும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பதிப்பு 2-இல் ‘கேட்ச்அப்’ என்பதை நிறுத்தாமல் பழைய தொடக்கத் தேதி கொடுத்தால், விட்டுப்போன அத்தனை நாட்களையும் மொத்தமாக ஓட்ட ஆரம்பித்துவிடும். 2025-இல் வந்த பதிப்பு 3-இல் அது தானாக ஓடாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, நண்பருக்கு நான் சொல்லப்போவது பெட்டியைத்தான். ஏனென்றால் பிப்ரவரியிலிருந்து தினமும் காலை 7.05-க்கு அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ் வருகிறது: “தம்பி, நேத்து ஓடிச்சா?” ஏர்ஃப்ளோவிலும் படம் இருக்கிறது, காட்டினேன். ஆனால் அதில் எந்தப் பெட்டி முடிந்தது என்றுதான் தெரியும், உள்ளே எதை எதிலிருந்து கழிக்கிறது என்பது நிரலில் இருக்கிறது. தப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் இன்று என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். இதை எழுதும் இந்த நிமிடம் எனக்கு அந்த 19 நாளைவிட இதுதான் பெரிதாக வலிக்கிறது.

நண்பரிடம் இருப்பது நான்கு பேர். அவர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒன்று இருக்கட்டும். பணம் கட்டும் முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: விற்க வருகிறவரிடம், போன மாதம் 14-ஆம் தேதிக்கு உங்கள் கண் முன்னால் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பெட்டிக்குள் எதையும் கையால் மாற்றாமல்.