வங்கிச் சில்லறைப் பைகளோடு மூன்றரை வருடம்

நான் திருகோணமலையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி கொடுப்பது எங்கள் முதலாளிக்குப் பிடிக்காது. அதனால் கிழமைக்கு ஒருமுறை வங்கிக்குப் போய்ச் சில்லறை மாற்றி வருவது என் பொறுப்பு. அப்படி ஒருநாள் கொண்டுவந்த 5 ரூபாய்க் குற்றிகளை லாச்சியில் கொட்டும்போது ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. எடுத்துப் பார்த்தால் 1999ஆம் ஆண்டுக் குற்றி. 1996இல் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்றதை நினைவுகூர மத்திய வங்கி வெளியிட்டது. என் சட்டைப் பையிலிருந்து 5 ரூபாயை லாச்சியில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். வங்கிச் சில்லறைக்குள் வித்தியாசமான குற்றிகளைத் தேடும் பழக்கம் அன்று தொடங்கியது. இன்றைக்குக் கிட்டத்தட்ட 160 பைகள் பார்த்து முடித்துவிட்டேன்.

அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. அங்கே வங்கியில் காகிதத்தில் சுருட்டிய குற்றிகளைக் கேட்டு வாங்குவார்கள், கால் டொலர் என்றால் ஒரு சுருளுக்கு 40. அவர்கள் தேடுவது பெரும்பாலும் வெள்ளி. 1964 வரை வந்த அரை டொலரில் 90 வீதம் வெள்ளி இருக்கிறது, 1965 முதல் 1970 வரையானவற்றில் 40 வீதம். நம் நாட்டில் அந்த ஆசையோடு இறங்க வேண்டாம். இலங்கையின் 50 சதம் 1943லேயே வெள்ளியை விட்டுப் பித்தளைக் கலவைக்கு மாறிவிட்டது. இங்கே கிடைப்பது நினைவுக் குற்றிகளும் பழைய வருடங்களும்தான். எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

நான் போகும் கிளையில் சுருள் கிடையாது, பொலித்தீன் பைதான். ஒரு பையில் 100 குற்றி. 5 ரூபாய்ப் பை 500 ரூபாய், 10 ரூபாய்ப் பை 1000 ரூபாய். முதல் ஐந்தாறு மாதம் எந்தப் பை வாங்குவது என்று தெரியாமல் கொடுத்ததை எல்லாம் வாங்கினேன். முத்திரை உடையாத புதுப் பையில் நூறும் ஒரே வருடம், ஒரே பளபளப்பு. கடைக்கு நல்லது, தேடுகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டியது கடைக்காரரும் பஸ்காரரும் கோயிலும் வைப்பிலிட்ட காசை எண்ணிக் கட்டிய பை. இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகுதான் என் சேகரிப்பு நகரத் தொடங்கியது.

இதைக் கெஷியரிடம் சொல்லிப் புரியவைக்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒருநாள் துணிந்து, "மிஸ், புதுக் காசு வேண்டாம், அழுக்குக் காசாகத் தாங்கோ" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். 1999 குற்றியைக் காட்டினேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவரே, "தம்பி, இந்தக் கிழமை பழசுதான் வந்திருக்கு, ரெண்டு பை எடுங்கோ" என்பார். ஓய்வூதியம் வரும் 10ஆம் திகதியிலும் சம்பளம் விழும் 25ஆம் திகதியை ஒட்டியும் நான் அந்தப் பக்கம் போவதில்லை. வரிசையில் வயதானவர்கள் நிற்கும்போது சில்லறை எண்ணச் சொல்வது சரியில்லை. புதன் அல்லது வியாழன், பத்து மணிக்குப் பிறகு, வங்கிக்காரரும் ஆறுதலாக இருப்பார்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் சுளகில் பழைய பேப்பர் விரித்துப் பையைக் கொட்டுவேன். 5 ரூபாய்க்கு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் துணியில் சுற்றி மேலாக ஓட்டினால் இரும்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும். 1984இல் வந்த அந்தத் தடித்த மஞ்சள் குற்றி நிக்கல் பித்தளை, அது அசையாமல் சுளகிலேயே கிடக்கும். 2005இல் அதே 5 ரூபாய் பித்தளை முலாம் பூசிய உருக்காக மாறியது. அதனால் காந்தத்துக்கு வராமல் மிஞ்சுவது பெரும்பாலும் 2005க்கு முந்தியது. நூறில் பத்தோ பன்னிரண்டோ மிஞ்சினால் நல்ல பை.

ஆனால் காந்தத்தை மட்டும் நம்பினால் பிழையாகிவிடும். 2007 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு வந்த 5 ரூபாயும் ஒட்டிக்கொண்டு மற்றதோடு போய்விடும். ஆகவே ஒட்டியதையும் ஒவ்வொன்றாகப் புரட்டத்தான் வேண்டும். எனக்கு இந்தப் புரட்டுகிற நேரம்தான் மிகவும் பிடிக்கும். கோயில் உண்டியலில் இருந்து வந்த காசைப் பார்த்தவுடனே தெரியும். 'ரூபாய்' என்ற எழுத்தின் சுழிக்குள் குங்குமம் இறுகிப்போய் இருக்கும், இலக்கத்தின் ஓரத்தில் விபூதி வெள்ளைக் கோடாக நிற்கும், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் கற்பூர வாசம் வரும். பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் முடிந்த கிழமைகளில் இப்படிப் பைகள் அதிகம் கிடைக்கும். யாரோ என்னவோ வேண்டிப் போட்ட காசு என்ற நினைப்பில் நான் அவற்றைத் துடைப்பதில்லை.

ஒருமுறை 5 ரூபாய்ப் பைக்குள் இந்தியாவின் 5 ரூபாய் ஒன்று வந்தது. 2009இல் அறிஞர் அண்ணா நூற்றாண்டுக்கு வெளியிட்டது. அதில் அவருடைய கையெழுத்துத் தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து யார் கையோடு வந்து எந்தக் கடையில் மாறியதோ. அதைத் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

என் உண்மையான தேடல் 10 ரூபாயில். 2009ஆம் ஆண்டு பொறித்த பதினொரு பக்கக் குற்றி சாதாரணமாகக் கிடைக்கும். 2013ஆம் ஆண்டு பொறித்த மாவட்டத் தொடர்தான் ஆளை அலைக்கழிக்கும். 25 மாவட்டத்துக்கும் 25 வகை. எனக்கு இதுவரை 19 கிடைத்திருக்கின்றன. திருகோணமலைக் குற்றி திருகோணமலையிலேயே கிடைக்கப் பதினான்கு மாதம் பிடித்தது! அதுவரை மாத்தறை வந்தது, குருநாகல் வந்தது, அம்பாறை இரண்டு தடவை வந்தது. நம்முடையது வந்தபோது விளிம்பில் ஒரு வெட்டு, முகப்பில் நிறையக் கீறல். பெட்டியில் கிடந்த குற்றி இல்லை, ஊரில் கை மாறிக் கை மாறி உழைத்த குற்றி. அன்று இரவு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். இன்னும் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தாலும் இதை மாற்றமாட்டேன்.

பார்த்து முடித்த குற்றிகளைத் திருப்பி வங்கிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து. மாற்றித் தந்தவரிடமே கொண்டுபோய் எண்ணச் சொன்னால் அடுத்த முறை முகம் சுளிக்கும். நான் பாமசிக்குத் தேவையானதைப் போட்டுவிட்டு மீதியைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் கொடுக்கிறேன். சில்லறைக்கு எல்லா இடமும் தட்டுப்பாடு, அதனால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு தாள் காசு தருவார்கள். என் கையில் சுழல்வது அதே 2000 ரூபாய்தான்.

ஒரு கசப்பும் உண்டு. வழக்கமான கிளையில் சில்லறை இல்லாத நாளில் வேறொரு வங்கியில் இரண்டு பை வாங்கினேன். வீட்டில் எண்ணினால் ஒன்றில் 97தான் இருந்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். கவுண்டரை விட்டுப் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். 15 ரூபாய் பெரிய காசில்லை, ஆனால் நான் பொய் சொல்கிறேனோ என்பது போல் பார்த்த பார்வை மனதைக் குத்தியது. இப்போது எங்கே வாங்கினாலும் அவர்கள் முன்னாலேயே பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிவிட்டுத்தான் நகர்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். உப்புக் காற்று உருக்குக் குற்றிகளைச் சாப்பிட்டுவிடும். முலாம் சற்றுக் கீறியிருந்தால் போதும், ஒரு மாரிக்குள் அந்தக் கீறல் வழியே துரு புள்ளி புள்ளியாகக் கிளம்பும். முதல் வருடம் நான் ஜன்னலோரத் தகரப் பெட்டியில் வைத்திருந்து பத்துப் பதினைந்தை இழந்தேன். இப்போது ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு பையில், எல்லாம் ஒரு மூடிய டப்பாவுக்குள். மாத்திரைப் போத்தல்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கடையில் சேர்த்து அதற்குள் போட்டுவிடுகிறேன். இரண்டு வருடமாகத் துரு இல்லை. அதேபோல், பித்தளைக் குற்றியைப் புளி போட்டு மினுக்க வேண்டாம். என் முதல் 1984 குற்றியை அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அன்பாக விளக்கிவைத்தார். இப்போது அது தங்கம் மாதிரி மின்னுகிறது, ஆனால் நாற்பது வருடம் அதன் மேல் படிந்த நிறம் போய்விட்டது. அது திரும்பி வராது.

வருமானம் என்று கேட்டால் இதில் இல்லை. நான் எடுத்து வைத்தவை 200க்குச் சற்று மேல், அவற்றில் பெரும்பாலானவை முகப்பு மதிப்புக்கு மேல் போகாது. 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த இரு உலோக 10 ரூபாயை 160 பையில் ஒருமுறைகூடக் காணவில்லை. ஒருவேளை அது எல்லார் வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது, வெளியே வருவதில்லை.

எனக்கு இன்னும் வேண்டியவை முல்லைத்தீவு, மன்னார், மொனராகலை, பொலன்னறுவை, கேகாலை, நுவரெலியா. என்னிடம் அம்பாறை ஒன்றும் மாத்தறை இரண்டும் மேலதிகமாக இருக்கின்றன. மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், கீறல் விழுந்தாலும் பரவாயில்லை.